மலைச் சரிவில் வீடு கட்டுகிறீர்களா? படிக்கட்டுக் கணக்கை முதலில் போடுங்கள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் வீடு கட்டுகிறவர்கள் ஹால் எவ்வளவு, பெட்ரூம் எவ்வளவு, எந்த ஜன்னலில் நின்றால் பள்ளத்தாக்கு தெரியும் என்றெல்லாம் மாதக்கணக்கில் பேசுகிறார்கள், படிக்கட்டு என்று வரும்போது மட்டும் "அதை மேஸ்திரி பார்த்துப்பார்" என்று விட்டுவிடுகிறார்கள். மேஸ்திரி பார்த்துக்கொள்வார்தான். ஆனால் அவர் கைக்கு வருவது ரூஃப் போட்டபோது குத்துமதிப்பாக விட்ட ஒரு திறப்பு, அதற்குள் எத்தனை படி அடங்குமோ அத்தனைதான் அவரால் போட முடியும். அப்படித்தான் எட்டரை இஞ்சு உயரமும் ஒன்பது இஞ்சு மிதியுமாகப் படிகள் வந்து சேர்கின்றன, மூன்று வருடத்தில் அந்த வீட்டுப் பெரியவர் மேல்மாடிக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்.

மலையில் இந்தக் கணக்கை இரண்டு முறை போட வேண்டும். வீட்டுக்குள் ஒரு படிக்கட்டு, ரோட்டிலிருந்து வாசலுக்கு ஏறவோ இறங்கவோ இன்னொன்று. கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, பள்ளிப் பிள்ளைகள், அவசரத்துக்கு வரும் 108 ஸ்ட்ரெச்சர் எல்லாமே இந்த இரண்டாவது படிக்கட்டு வழியாகத்தான் போய்வர வேண்டும். இரண்டுக்கும் கணக்கு முறை ஒன்றுதான், எண்கள் வேறு. உள்படிக்கட்டை முதலில் பார்ப்போம்.

தேவையானவை ஒரு டேப், நேரான ஒரு ரீப்பர் கட்டை, பென்சில், கால்குலேட்டர். கணக்கை மில்லிமீட்டரில் போடுங்கள். நம் மேஸ்திரிகள் இஞ்சும் நூலுமாகப் பேசுவார்கள், எட்டு நூல் ஒரு இஞ்சு, அது அவர்கள் கைக்குப் பழகிய அளவு, அதில் தவறே இல்லை. ஆனால் ஒரு நூல் என்பதே 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், அதைப் பதினெட்டுப் படிக்குப் பெருக்கினால் இரண்டேகால் இஞ்சு ஆகிவிடும். வகுத்துப் போடும் கணக்குக்கு மில்லிமீட்டர்தான் சரி, டேப்பின் மறு ஓரத்தில் அதுவும் இருக்கிறது.

முதல் வேலை மொத்த உயரத்தை எடுப்பது. கீழ்த்தளத்தில் டைல்ஸ் எல்லாம் ஒட்டி முடித்த பிறகு உங்கள் கால் எங்கே நிற்குமோ அங்கிருந்து, மேல்தளத்தில் வேலை முடிந்த பிறகு கால் எங்கே நிற்குமோ அதுவரைக்கும். காங்கிரீட்டிலிருந்து காங்கிரீட்டுக்கு எடுக்கக் கூடாது. ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு கடைசிவரை போவோம். கீழே டைல்ஸ் மேல்பக்கத்திலிருந்து ரூஃப் காங்கிரீட்டின் அடிப்பக்கம் வரை 2925, காங்கிரீட் கனம் 125, மேலே குளிருக்காக மரத்தரை போடுவதால் அதற்கு 25. மொத்தம் 3075 மி.மீ. நீலகிரியில் பொதுவாகக் கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்ட அனுமதி இல்லை என்பதால் இரண்டு தளம் கட்டுகிறவர்களுக்குத் தளத்துக்குத் தளம் 3 மீட்டரை ஒட்டித்தான் வரும், ஆகவே இந்த உதாரணம் உங்கள் வீட்டுக்கும் பெரும்பாலும் கிட்டத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது, அந்த உயரத்தை வகுப்பது. வீட்டுப் படிக்கு உயரம் 165-லிருந்து 178 மி.மீ. வரை இருந்தால் ஏறுவதற்கு சுகம், அதாவது ஆறரையிலிருந்து ஏழு இஞ்சு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புக்கு 190 மி.மீ. வரை அனுமதிக்கிறது. ஆனால் அது தாண்டக் கூடாத எல்லை, அதையே இலக்காக வைத்துக் கட்டாதீர்கள். 3075-ஐ 175-ஆல் வகுத்தால் 17.57 வருகிறது. அரைப்படி, முக்கால் படி என்று எதுவும் கிடையாது, ஒன்று 17 அல்லது 18. பதினேழு என்றால் படி உயரம் 180.9, பதினெட்டு என்றால் 170.8. வயதானவர்கள் இருக்கிற வீடு, குளிரில் காலையில் முட்டி மடங்க மறுக்கிற ஊர், பதினெட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் வீட்டுப் பெரியவர்கள் ஒற்றைப்படை கேட்பார்கள், வலது காலில் தொடங்கி வலது காலில் முடிய வேண்டும் என்பார்கள். அதற்காகச் சண்டை போட வேண்டாம், எதை எண்ணுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். பதினெட்டு உயரம் இருந்தால் இரண்டு தளத்துக்கும் நடுவில் கால் வைக்கும் இடம், திரும்பும் லேண்டிங்கையும் சேர்த்து, பதினேழுதான், பதினெட்டாவது மேல்தளமே. மேல்தளத்தையும் சேர்த்து எண்ணுகிற குடும்பம் என்றால் 17-க்கே போங்கள், 180.9 உயரத்துக்கு 265 மிதி கொடுத்தால் அதுவும் நல்ல படிதான். ஒற்றைப்படை வர வேண்டும் என்று கடைசியில் ஒரு படியை மட்டும் ஒட்ட வைப்பதோ வெட்டுவதோதான் கூடவே கூடாது.

மூன்றாவது, மிதி அகலம். மிதி அகலத்தைப் படி உயரம்தான் தீர்மானிக்கிறது, இடத்துக்குத் தகுந்தபடி இஷ்டத்துக்கு வைக்க முடியாது. இதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சுவா ப்ளோன்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் மனிதர் நடக்கும் நடையைக் கொண்டே கணக்குப் போட்டார். சமதரையில் ஒரு எட்டு, அதாவது ஒரு காலடித் தூரம், 24 அங்குலம், காலை ஒரு அங்குலம் மேலே தூக்கினால் முன்னே போகிற தூரத்தில் இரண்டு அங்குலம் குறைகிறது. ஆகவே படி உயரத்தை இரண்டால் பெருக்கி மிதி அகலத்தைக் கூட்டினால் ஒரு எட்டின் அளவு வர வேண்டும். அவர் காலத்துப் பிரெஞ்சு அங்குலம் நம்முடையதைவிடக் கொஞ்சம் பெரியது, 24 அங்குலம் என்பது 650 மி.மீ. வந்துவிடும். இங்கே வீட்டுக்குள் 600-லிருந்து 640-க்குள் வந்தால் போதும் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஏழு இஞ்சு உயரம், பத்து இஞ்சு மிதி என்று மேஸ்திரிகள் வாய்ப்பாடாகச் சொல்வதும் இதே கணக்குதான், ஏழிரண்டு பதினாலு, பத்தும் சேர்ந்து 24.

நம் உதாரணத்தில்:
170.8 × 2 = 341.6
620 − 341.6 = 278.4

மிதியை 275 என்று வைத்துக்கொள்வோம். கூட்டல் 616.6 வருகிறது, எல்லைக்குள் இருக்கிறது. சரிவுக் கோணம் சுமார் 32 டிகிரி, வீட்டுப் படிக்கு அதுவும் நல்ல கோணம். விதித்தொகுப்பு குடியிருப்புக்குக் குறைந்தது 250 மிதி கேட்கிறது, அதையும் தாண்டிவிட்டோம். மிதியை எப்போதும் ஒரு படியின் முன்விளிம்பிலிருந்து அடுத்த படியின் முன்விளிம்பு வரை அளக்க வேண்டும். கிரானைட் 25 மி.மீ. மூக்கு நீட்டி வந்தால் கல்லை 300 அகலத்துக்கு அறுக்கச் சொல்லுங்கள், அந்த மூக்கை மிதி அகலத்தில் சேர்த்துச் சொல்லி "எங்கள் படி 300" என்றால் கணக்கு கெட்டுவிடும்.

அப்புறம் நீளம். இங்கேதான் நிறையப் பேருக்கு ஒரு படி இடிக்கும். ஒரே ஓட்டத்தில், அதாவது நடுவில் லேண்டிங் இல்லாமல் தொடர்ந்து ஏறும் வரிசையில், 9 உயரம் இருந்தால் மிதி 8-தான், ஏனென்றால் ஒன்பதாவது உயரம் ஏறியதும் நீங்கள் நிற்பது லேண்டிங்கில். பாதியில் திரும்பி ஏறும் படிக்கட்டில் 18 உயரத்தை 9, 9 என்று பிரித்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 8 மிதி, 8 × 275 = 2200. லேண்டிங் 1000. ஆக 3200 நீளம். அகலத்துக்கு ஒவ்வொரு ஓட்டமும் 1000, நடுவில் கைப்பிடிக்காக 100 இடைவெளி, மொத்தம் 2100. இந்த 2100 × 3200 என்பது சுவர்ப்பூச்சு முடிந்த பிறகு மிஞ்ச வேண்டிய சுத்தமான அளவு, செங்கல் சுவருக்கு நடுவிலான அளவு இல்லை. பூச்சு இரண்டு பக்கமும் சேர்ந்து 30, 35 மி.மீ.யைச் சாப்பிட்டுவிடும், அதைப் பிளானிலேயே கூட்டிக் கொடுங்கள். லேண்டிங் எந்தக் காரணத்துக்காகவும் படியின் அகலத்தைவிடக் குறையக் கூடாது, பீரோவைத் திருப்பும்போதுதான் அந்த நூறு மி.மீ.யின் அருமை தெரியும். ஏறி முடித்த இடத்திலும் இறங்கி முடித்த இடத்திலும் நிற்க ஒரு மீட்டர் விடுங்கள், படிக்கு நேராகத் திறக்கும் கதவு வேண்டாம்.

3200 நீளம் இல்லையே, 2800-தான் இருக்கிறது என்றால்? மிதியைக் குறைக்காதீர்கள். மிதியை 250-க்கும் லேண்டிங்கை 900-க்கும் இறக்கினால்கூட 2900 வருகிறது, அப்போதும் அடங்கவில்லை. மூன்று ஓட்டமாக ப வடிவில் வளைத்துப் பாருங்கள், அல்லது பக்கத்து அறையிலிருந்து ஒன்றரை அடி எடுத்துக்கொள்ளுங்கள். பிளான் தாளில் இருக்கும்வரை சுவரை நகர்த்தக் காசு ஆகாது. லேண்டிங்குக்குப் பதிலாக விசிறிப் படி போட்டு இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்முனையில் நான்கு இஞ்சுகூட இல்லாத முக்கோணப் படிகள் அவை, இரவில் கரண்ட் போன நேரத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவரின் கால் சரியாக அந்தக் குறுகிய முனையில்தான் விழும். வேறு வழியே இல்லையென்றால் விசிறியைக் கீழ்க்கோடியில் வையுங்கள், மேலே வேண்டாம், விழுந்தாலும் இரண்டு படியோடு போகும்.

தலை இடிக்குமா என்று பார்ப்பது அடுத்தது. படியின் முன்விளிம்பிலிருந்து நேர் மேலே 2200 மி.மீ. காலியாக இருக்க வேண்டும். நேராக ஒரே ஓட்டமாக ஏறும் படிக்கட்டு என்றால் ரூஃபில் எங்கிருந்து திறப்பு தொடங்க வேண்டும் என்பது இதிலிருந்தே வந்துவிடும். பூச்சு போக ரூஃபின் அடிப்பக்கம் 2910-ல் இருக்கிறது, 2910-லிருந்து 2200 போக 710. நான்காவது படியின் உயரம் 683, ஐந்தாவது 854. ஆக நான்காவது படிவரை தலைக்கு மேல் ரூஃப் இருக்கலாம், ஐந்தாவது படியின் விளிம்பிலிருந்து திறந்திருக்க வேண்டும். இதை ரூஃப் காங்கிரீட்டுக்கு முன்பே சென்ட்ரிங் பலகையில் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். திரும்பி ஏறும் படிக்கட்டில் மேலே பிரச்சினை அவ்வளவு வராது. ஆனால் லேண்டிங்குக்கு அடியில் பாத்ரூம் வைக்கலாம் என்கிற ஆசை வரும். நம் கணக்கில் லேண்டிங் 1537-ல் இருக்கிறது, கனம் போக அடியில் 1350-தான் மிஞ்சும், குனிந்து துடைப்பம் எடுக்கத்தான் ஆகும். நின்று குளிக்க வேண்டுமென்றால் கீழ் ஓட்டத்தில் 14 உயரம் ஏற்ற வேண்டும், அதுவோ ஒரே மூச்சில் ஏறுவதற்கு அதிகம். 12-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. சரிவு நிலத்தில் வேறொரு வழி இருக்கிறது, தரை தானாகவே இறங்கிப்போகிற பக்கமாக லேண்டிங்கை வைத்தால் அதன் அடித்தளத்தை மூன்று நான்கு படி தாழ்த்திக்கொள்ளலாம். பிளான் போடும்போதே யோசித்தால் மலை நமக்குச் சும்மா கொடுக்கிற இடம் அது.

இப்போது சைட்டில் குறிப்பது. கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் கெட்டுப்போவது இங்கேதான், ஆகவே இதை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

170.8 என்று சொன்னால் மேஸ்திரி அதை ஆறே முக்கால் இஞ்சு என்று எடுத்துக்கொள்வார். நியாயமான மாற்றம்தான், ஆறே முக்கால் என்பது 171.45. வித்தியாசம் முக்கால் மி.மீ.கூட இல்லை. ஆனால் ஒரு படி வைத்து, அதன் மேலிருந்து ஆறே முக்கால் அளந்து அடுத்த படி என்று பதினேழு படி போனால் 2914-க்கு மேல் வந்துவிடும், மேல்தளத்துக்கு மிச்சம் 160-தான். பதினேழு படியை ஒரே தாளத்தில் ஏறிய கால் பதினெட்டாவதில் 11 மி.மீ. குறைவதைத் தெரியாமல் தடுமாறும். இறங்கும்போது இன்னும் மோசம், முதல் படியிலேயே ஏமாறும். படிக்குப் படி வித்தியாசம் 5 மி.மீ.யைத் தாண்டவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான் ஆபத்து, பெரிய வித்தியாசத்தைக் கண் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே ஒவ்வொரு படியாக அளந்து கூட்டிக்கொண்டே போகக் கூடாது. நேரான ஒரு ரீப்பரை 3075-க்குச் சரியாக வெட்டுங்கள், அல்லது சுவரிலேயே செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள், டேப்பைக் கீழ்முனையில் பிடித்து நகர்த்தாமல் எல்லாக் குறியையும் ஒரே பிடியில் போடுங்கள்: 171, 342, 513, 683, 854, 1025... ஒன்பதாவது 1537, பன்னிரண்டாவது 2050, பதினெட்டாவது 3075. ஒவ்வொன்றும் கால்குலேட்டரில் 3075-ஐ 18-ஆல் வகுத்து, அந்தப் படியின் எண்ணால் பெருக்கியது. இப்படிப் போட்டால் எந்தக் குறியிலும் பிழை அரை மி.மீ.யைத் தாண்டாது, அடுத்ததோடு சேர்ந்து வளரவும் வளராது. மிதிக்கும் இதே முறை, சுவரின் அடியில் 275, 550, 825 என்று தொடக்கத்திலிருந்தே. பிறகு ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்து இரண்டு குறிகளையும் சந்திக்க வைத்தால் படியின் முழு உருவமும் சுவரில் வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் சென்ட்ரிங் ஆசாரி பலகை அடிக்க வேண்டும்.

சுவரில் போட்டது வேலை முடிந்த பிறகான படி. காங்கிரீட் படி அதற்குள் இருக்க வேண்டும். மூன்று இடத்திலும் மேல்வேலையின் கனம் ஒன்றாக இருந்தால் கவலையே இல்லை, ஆனால் நம் வீட்டில் ஒன்றாக இல்லை. கீழே கலவையும் டைல்ஸும் சேர்ந்து 50, படிகளில் கிரானைட் 20, கலவை 20, ஆக 40, மேலே மரத்தரை 25. ஆகவே காங்கிரீட்டில் முதல் படி மட்டும் 10 மி.மீ. கூடுதலாக 181 வர வேண்டும், ஏனென்றால் கீழே 50 ஏறும்போது படியில் 40-தான் ஏறுகிறது. கடைசிப் படி 15 கூடுதலாக 186, நடுவில் எல்லாம் 171. இதை ஆசாரியிடம் வாயால் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். அவர் அனுபவத்தில் முதல் படி பெரிதாக இருப்பது தப்பு, நல்லெண்ணத்தோடு சரிசெய்துவிடுவார். சுவரில் எழுதி, "அண்ணா, கீழ டைல்ஸ் அம்பது ஏறும், அதான் இது கூட வருது" என்று காரணத்தையும் சொல்லிவிட்டால் அவரே அடுத்தவருக்கு எடுத்துச் சொல்வார். எந்தத் தளத்தில் என்ன தரை என்பதை மட்டும் இந்தக் கட்டத்துக்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள், படி போட்ட பிறகு மனசு மாறினால் படி மாறாது.

காங்கிரீட் எவ்வளவு ஆகும் என்பதும் மலையில் முக்கியம், ரோட்டிலிருந்து தலைச்சுமையாகத்தானே வர வேண்டும். ஒரு படியின் சாய்வு நீளம், உயரத்தின் வர்க்கமும் மிதியின் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 324 மி.மீ. எட்டுப் படிக்கு 2590. சாய்வுப் பலகை 150 கனம், ஒரு மீட்டர் அகலம் என்றால் 0.39 கன மீட்டர், அதன் மேல் முக்கோணப் படிகள் 0.19. இரண்டு ஓட்டமும் லேண்டிங்கும் சேர்த்து ஒன்றரை கன மீட்டர், ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் சிமெண்ட் 12, 13 மூட்டை. கம்பியை எஞ்சினியர் சொன்னபடி கட்டட்டும், நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு இடம்: கீழ் ஓட்டத்தின் சாய்வு போய் லேண்டிங்கைச் சேரும் உள்மடிப்பு போன்ற இடங்களில், இழுவிசைக் கம்பியை மூலையோடு வளைத்துக் கொண்டுபோகக் கூடாது. வளைத்தால் பாரம் ஏறும்போது நிமிரப் பார்த்து அங்கிருக்கும் காங்கிரீட்டைப் பிளந்துவிடும். இரண்டு பக்கத்துக் கம்பியும் ஒன்றையொன்று தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் நங்கூரமாக நிற்க வேண்டும்.

சரி, வெளிப்படிக்கு வருவோம். இதற்கு மழையும் பனிமூட்டமும் பாசியும் உண்டு. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை கொட்டும், கூடலூர், நடுவட்டம் பக்கம் ஆனி ஆடியில் தென்மேற்கு, ஊட்டியில் மார்கழி தையில் உறைபனி வேறு. நனைந்த செருப்போடு, கையில் சுமையோடு ஏறுகிற படி இது, ஆகவே உள்படியைவிடத் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். உயரம் 150, மிதி 350 என்பது நல்ல தொடக்கம். வெளியில் எட்டு நீளமாக விழும் என்பதால் கூட்டல் 630-லிருந்து 660 வரை போகலாம்.

உயரத்தை அளக்கத் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் போதும். டியூபில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெயிலில் பிடித்துப் பார்த்தால் தெரியும், குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். ஒருவர் ரோட்டு ஓரத்தில், ஒருவர் சரிவில், இரண்டு பேருக்கும் தண்ணீர் நின்ற இடத்தில் குறி, அங்கிருந்து மண்வரை அளவு. வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்கு இறங்குங்கள். கிடைத்தூரத்தை டேப்பைச் சரிவோடு படுக்க வைத்து எடுக்கக் கூடாது. 9 மீட்டர் கிடைத்தூரமும் 4.2 மீட்டர் இறக்கமும் உள்ள சரிவில் டேப் 9.93 காட்டும், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இல்லாத இடத்தை இருப்பதாக நம்பிவிடுவோம். டேப்பை மட்டமாகப் பிடித்துத் தூக்குக்குண்டு விட்டு, இரண்டிரண்டு மீட்டராக இறங்குங்கள்.

அதே சரிவையே எடுத்துக்கொள்வோம், உயரம் 4200, கிடை 9000. 150 உயரம் என்றால் 28 படி, 27 மிதி × 350 = 9450, நடுவில் லேண்டிங் வைக்காமலே இடம் போதவில்லை. 26 உயரமாக்கினால் ஒன்று 161.5. இரண்டு ஓட்டமாக 13, 13 பிரித்தால் (முன்பு சொன்ன 12-ஐவிட ஒன்று கூடினாலும் படி தாழ்வானது) மிதி 12, 12, ஆக 24. மிதிக்கு 330 கொடுத்தால் 7920, கூட்டல் 653 வருகிறது. நடுவில் லேண்டிங் நீளம் மனம்போல வைப்பதல்ல, ஒரு மிதியோடு முழு எட்டுகளாகக் கூட்ட வேண்டும்: 330 + 650 = 980. அப்போதுதான் ஏறிவந்த கால் தாளம் தப்பாமல் அடுத்த ஓட்டத்தைப் பிடிக்கும். மொத்தம் 8900, மீதி 100 மி.மீ. கேட் சட்டத்துக்கு இருக்கட்டும். இடம் இன்னும் குறைவு என்றால் படியைச் செங்குத்தாக்காமல் சரிவுக்குக் குறுக்கே திருப்பி ஏற்றுங்கள், பழைய எஸ்டேட் பாதைகள் எல்லாம் அப்படித்தான் போகும்.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு, கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குச் சரிவு 12-க்கு 1, அதாவது 4200 உயரத்துக்கு 50 மீட்டர் நீளம். கல்லாறிலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் நம் மலை ரயிலின் சரிவே கிட்டத்தட்ட அதுதான். பெரும்பாலான மனையில் முடியாது. முடியாத இடத்தில் படியின் அகலத்தை 1200-க்குக் குறைக்காதீர்கள், நாற்காலியோடு ஒருவரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் இறங்க அவ்வளவு வேண்டும். கைப்பிடி குறைந்தது ஒரு பக்கமாவது, படி விளிம்பிலிருந்து 900-லிருந்து 1000 மி.மீ. உயரத்தில். குளிரில் இரும்பைத் தொட மனம் வராமல் கையை எடுத்துவிடுகிறார்கள், மரம் அல்லது உறை போட்ட குழாய் நல்லது. பக்கவாட்டுக் கம்பிகளின் இடைவெளி 100-க்குள், குழந்தையின் தலை நுழையக் கூடாது.

தண்ணீர் நிற்காமல் இருக்க ஒவ்வொரு மிதியும் முன்பக்கமாக 50-க்கு 1 சரிய வேண்டும், 330 மிதிக்கு 6 மி.மீ. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மிதியின் பின்பக்கம் 6 மி.மீ. மேலே இருப்பதால் அங்கிருந்து அடுத்த படியின் முகம் 155 தான் தெரியும், சென்ட்ரிங் பலகையும் அந்த அளவுக்குத்தான். முகத்தை 161.5-க்கு அடித்துவிட்டு மிதியையும் சரித்தால் படிக்கு 6 கூடி, மேலே போகும்போது ஒரு படி உயரமே மிகுந்து நிற்கும். விளிம்புக்கு விளிம்பு 161.5 வருகிறதா என்று பாருங்கள், அது ஒன்றே போதும்.

மேலிருந்து வரும் மழைத் தண்ணீருக்குப் படியே வாய்க்காலாகிவிடக் கூடாது, பக்கத்தில் தனியாக ஒரு கால்வாய் விட்டு ரோட்டோர ஓடையில் சேருங்கள். அந்தத் தண்ணீர் படியின் அடியில் புகுந்தால் மண்ணை அரித்துப் படியைத் தொங்க விட்டுவிடும், 2009 நவம்பர் மழையில் சரிவுகள் இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொட்டிய மண் மேல் படி கட்டாதீர்கள், வெட்டிய கெட்டி மண்ணில் உட்கார வையுங்கள். மேல்பரப்பில் பாலிஷ் கிரானைட் வேண்டவே வேண்டாம், சொரசொரப்பான கருங்கல்லோ துடைப்பம் இழுத்த சிமெண்டோ போதும்.

காங்கிரீட் போடுகிற அன்று காலையில், கலவை இயந்திரம் ஓடுவதற்கு முன், பலகைக்குப் பலகை டேப் வைத்து எல்லா உயரத்தையும் ஒருமுறை படித்து எழுதுங்கள், முதல், கடைசி தவிர எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். போட்ட பிறகு முட்டுக்கொடுத்ததைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். 4.5 மீட்டர் வரையான தளத்துக்கு ஏழு நாள் என்று இந்தியத் தரவிதி சொல்வது, வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்துக்கு. ஊட்டியில் மார்கழி இரவு அதற்கு வெகு கீழே போகும், காங்கிரீட் இறுகுவதும் அந்த அளவுக்குத் தாமதமாகும். குளிர்காலத்தில் படிக்கட்டின் முட்டுகளை இரண்டு வாரமாவது விட்டுவைத்து, எஞ்சினியரைக் கேட்டுவிட்டுப் பிரியுங்கள். அதுவரை அந்தப் படியில் செங்கல் அடுக்கவோ ஜல்லி மூட்டை இறக்கவோ யாரையும் விடாதீர்கள்.